வெண்புள்ளிகளும் மனநோவும்: உவைஸ் (ரஹ்) காலம் முதல் நம் காலம் வரை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

நம் பள்ளிவாசல்களின் ஹவுள் அருகே சற்று நேரம் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். சில சகோதரர்கள் எப்போதும் வீட்டிலேயே உளூச் செய்துவிட்டு வருவார்கள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானை அவிழ்க்க மாட்டார்கள். தொழுகை முடிந்ததும் முஸாஃபஹாவுக்குக் கை நீட்டத் தயங்குவார்கள். அவர்களுள் சிலருக்குக் கையிலோ காலிலோ உதட்டோரத்திலோ வெண்புள்ளிகள் இருக்கும். அது வலிப்பதில்லை, பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆயினும் பிறர் பார்வையும், அந்தப் பார்வையை நாளடைவில் தமக்குள் வாங்கிக்கொண்டு தம் உடலையே வெறுக்கும் நிலையும் அவர்களை வாட்டுகின்றன.

கோட்டைமேடு, கரும்புக்கடை, போத்தனூர் முதல் திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு வரை கொங்கு மண்டலத்தில் பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்த வேதனை மேலும் கூர்மையாகும். பெண்ணுக்கு இருந்தால் மறைப்பார்கள். மறைக்க முடியாவிட்டால் அவளுடைய தங்கையின் நிக்காஹ் கூடத் தள்ளிப்போகும். இந்த நோவை நம் முன்னோர் எவ்வாறு கண்டார்கள், இன்றைய உளவியல் சிகிச்சை இதில் என்ன செய்ய முடியும் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம், இன்ஷா அல்லாஹ்.

ஒரு சொல் சுமந்து வந்த அச்சம்

ஈஸா (அலை) அவர்களுக்கு அல்லாஹ் வழங்கிய அற்புதங்களைக் கூறும் இடங்களில் (3:49, 5:110) திருக்குர்ஆன் 'அப்ரஸ்' என்னும் சொல்லை ஆள்கிறது. 'பரஸ்' உடையவர் என்பது அதன் பொருள். தோலில் தோன்றும் வெண்மையையே அரபு அகராதிகள் பரஸ் என்கின்றன. தமிழில் இதை நெடுங்காலமாக 'வெண்குஷ்டம்' என்று எழுதியும் சொல்லியும் வந்திருக்கிறோம்.

வடமொழி மருத்துவ நூல்களில் 'குஷ்டம்' என்பது பலவகைத் தோல் நோய்களுக்கான பொதுப்பெயர். பேச்சுத் தமிழிலோ அது தொழுநோயை மட்டுமே குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதனால் 'வெண்குஷ்டம்' என்றதும் கேட்பவர் மனத்தில் எழுவது தொழுநோயின் அச்சமே. தொழுநோய்க்கு அரபியில் 'ஜுதாம்' என்ற தனிச்சொல் உண்டு. அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு துஆவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரஸ், பித்து, ஜுதாம் ஆகியவற்றிலிருந்தும் தீய நோய்களிலிருந்தும் பாதுகாப்புக் கோரியுள்ளார்கள். பரஸும் ஜுதாமும் அங்கே தனித்தனியாக எண்ணப்படுகின்றன. நபிமொழி பிரித்து வைத்த இரண்டையும் நம் வழக்குச் சொல் ஒன்றாக்கிவிட்டது.

அறிவியலும் இவ்விரண்டையும் பிரித்தே வைக்கிறது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ல் கண்டறிந்தார். வெண்புள்ளிக்குக் கிருமியே இல்லை. தோலுக்கு நிறமூட்டும் அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றல் தவறுதலாகத் தாக்கி அழிப்பதால் அவ்விடம் வெளுக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்தது, முன்செய்த பாவத்தால் வந்தது என்ற பேச்சுகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆனால் ஒரு சொல்லின் விளைவு சொல்லோடு நிற்பதில்லை. ஆங்கிலேயர் 1898-ல் இயற்றிய தொழுநோயாளர் சட்டம் அந்நோயாளரைப் பிரித்து அடைத்து வைக்க வழிசெய்தது. அது 2016-ல்தான் நீக்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் தொழுநோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாக இடம்பெற்றிருந்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை எடுத்துவிட்டது. தொழுநோய்க்கே இனிப் பொருந்தாது என்று சட்டம் கைவிட்ட அச்சத்தை, அந்நோயே இல்லாத ஒருவர் மீது ஒரு சொல்லால் நாம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

இதை உணர்ந்துதான் சென்னையில் தொடங்கப்பட்ட வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் 'வெண்குஷ்டம்' என்ற சொல்லையே கைவிடவேண்டும் எனப் பல்லாண்டுகள் பாடுபட்டது. தமிழ்நாடு அரசும் 'வெண்புள்ளிகள்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. ஜூன் 25 உலக வெண்புள்ளிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஒரு திர்ஹம் அளவு வெண்மை

யமன் நாட்டு உவைஸ் அல்கர்னீ (ரஹ்) அவர்களை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. தாய்க்குப் பணிவிடை செய்தவர் என்றே அவர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அவர்களுடைய வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. அவர்களுக்குப் பரஸ் இருந்தது. அல்லாஹ்விடம் துஆ கேட்டார்கள். ஒரு திர்ஹம் காசளவு இடம் தவிர மற்றவை நீங்கின. யமனிலிருந்து வருவோருள் அவரை அடையாளம் கண்டு, தமக்காகப் பாவமன்னிப்புக் கோரும்படி கேட்டுக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருந்தார்கள். பிற்காலத்தில் கலீஃபாவான உமர் (ரலி) அவர்கள் யமன் கூட்டத்தாரிடம் தேடித் தேடி அவரைக் கண்டடைந்தார்கள். அவர்கள் கேட்டு உறுதிசெய்துகொண்ட அடையாளங்களுள் அந்தப் பரஸும் ஒன்று.

நிவாரணம் தேடித் துஆ கேட்பது ஈமானுக்கு முரணன்று என்பது இதில் ஒரு பாடம். துஆ ஏற்கப்பட்ட பின்னும் ஒரு காசளவு எஞ்சியிருந்தது என்பது மற்றொன்று. அந்த எஞ்சிய வெண்மை அவருடைய தகுதியில் எதையும் குறைக்கவில்லை. நம் வீட்டில் எந்தப் புள்ளியைக் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குகிறோமோ, அதே புள்ளி அங்கே ஒரு நல்லடியாரை அறியும் அடையாளமாக நின்றது.

தோற்றம் குறித்த இந்த வழிகாட்டுதல் ஸீரா முழுவதும் காணக்கிடைக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கணைக்கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அக்கால்கள் மறுமைத் தராசில் உஹுத் மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். தோற்றப் பொலிவு இல்லாதவராக அறியப்பட்ட ஜுலைபீப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரிக் குடும்பம் ஒன்றில் தாமே பெண் கேட்டார்கள். பெற்றோர் தயங்கினர், பெண் சம்மதித்தாள். பின்னர் ஒரு போரில் அவர் ஷஹீதானபோது, காணாமற் போனோர் பட்டியலில் மற்றவர்கள் அவர் பெயரைச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களே தேடிக் கண்டு தம் கைகளில் ஏந்திச் சென்றார்கள். ஸூரத்துல் ஹுஜுராத் (49:11) பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. உடற்குறையைப் பெயராக்கி அழைக்கும் நம் தெருப் பழக்கம் அந்தத் தடையின் கீழேதான் வருகிறது.

ஃபிக்ஹு நூல்களில் பரஸ் நிக்காஹ் பாடத்தில் பேசப்படுவது உண்மையே. அதை மறைக்கத் தேவையில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) போன்றோர் அதை நிக்காஹை முறிக்க உரிமை தரும் குறைகளுள் ஒன்றாகக் கருதினர். கொங்குப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், இமாம் அபூஹனீஃபா, இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) ஆகியோர் மனைவியின் பரஸ் கணவனுக்கு அத்தகைய உரிமையைத் தராது என்றனர். இச்சட்ட விவாதங்கள் ஒப்பந்தத்தில் ஒளிவுமறைவு இருக்கலாகாது என்பதைப் பற்றியவை. ஒருவரை இழிவாகப் பார்க்க எந்த மத்ஹபும் அனுமதி தரவில்லை.

மருந்தைத் தேடிய நம் முன்னோர்

பொறுமையை மட்டும் போதித்துவிட்டு நம் அறிஞர்கள் நிற்கவில்லை. அந்தலூசியாவின் மாலகாவில் பிறந்து 1248-ல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், தம் மூலிகைக் களஞ்சியத்தில் 'ஆத்ரிலால்' என்னும் செடியின் விதையைக் குறிப்பிடுகிறார். வட ஆப்பிரிக்காவின் பெர்பர் குலத்தார் ஒருவர் இரகசியமாகப் பயன்படுத்திவந்த மருந்து அது. விதைத்தூளை உண்டபின் வெண்மையான இடத்தை வெயிலில் காட்டவேண்டும் என்பது முறை.

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின், 1940-களின் பிற்பகுதியில், கெய்ரோவில் அப்துல் முன்இம் அல்முஃப்தி என்னும் தோல் மருத்துவர் அதே செடியிலிருந்து பிரித்தெடுத்த சோராலென் என்னும் பொருளைக் கொண்டு வெண்புள்ளிக்குச் சிகிச்சை அளித்தார். மருந்தும் புற ஊதா ஒளியும் சேர்ந்த நவீன சிகிச்சைமுறை அவ்வழியே வளர்ந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியிலும் சோராலென் உண்டு. மருத்துவர் மேற்பார்வையின்றி அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும் என்பதை இங்கேயே எச்சரித்துவிடுகிறோம்.

தோலுக்கான சிகிச்சை பல மாதங்கள் நீளும். முகத்தில் நிறம் திரும்புவதுபோல் விரல் நுனிகளிலும் பாதங்களிலும் எளிதில் திரும்புவதில்லை. அப்படியானால் அந்தக் காத்திருப்புக் காலத்தில், அல்லது நிறம் திரும்பாமலே போனால், அம்மனிதர் எவ்வாறு வாழ்வது? இங்கேதான் மனத்துக்கான சிகிச்சை தேவையாகிறது.

அம்மைத் தழும்பு முகத்தவர் எழுதிய நூல்

இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் 850-ஆம் ஆண்டளவில் பிறந்து 934-ல் மறைந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்). அவர் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன என்றும், அதிகம் பேசாத கண்ணியமான மனிதர் என்றும் யாகூத் அல்ஹமவீ தம் அறிஞர் வரலாற்று நூலில் குறித்துள்ளார். நம் கொங்குக் கிராமங்களிலும் அத்தகைய முகமுடைய முதியோரை நாம் கண்டிருக்கிறோம். 1975-ல் இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது. 1980-ல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தழும்புக்காகப் பட்டப்பெயர் சுமந்த ஒரு தலைமுறை மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தழும்பு முகத்தவர் எழுதிய நூல் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்'. உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்பது அதன் பொருள். மருத்துவர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. உடலும் உள்ளமும் பின்னிக் கிடப்பவை. ஒன்று நோயுற்றால் மற்றதும் தளரும் என்றார். உள்ளத்தின் நோய்களைக் கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் மருந்து கூறினார். துயரத்திலும் வெளிக்காரணத்தால் வருவது, உடலின் கோளாறால் வருவது என வேறுபாடு கண்டார்.

அவர் கூறிய மருந்துகளுள் முதன்மையானது எண்ணத்தைத் திருத்துவது. உடல் நலமாக இருக்கும்போதே அவசரத்துக்கு மருந்து வாங்கி வைப்பதுபோல, உள்ளம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கவேண்டும் என்றார். முதன்முறை மூடுபனியைக் கண்ட பாலைவனவாசி அதைக் கெட்டியான சுவரென்று அஞ்சி, உள்ளே நுழைந்தபின் காற்றென்று உணர்வதை உவமையாகக் காட்டினார். அச்சத்தை நெருங்கிப் பார்த்தால்தான் அதன் உண்மை அளவு தெரியும் என்பது கருத்து. வீண் எண்ணங்களால் அலைக்கழிக்கப்படுவோர் தனிமையைத் தவிர்க்கவேண்டும் என்றும், பிறர் சொல்லும் நல்லுரை உள்ளத்துக்கு வெளியிலிருந்து கிடைக்கும் மருந்து என்றும் எழுதினார்.

இன்றைய சிகிச்சை என்ன செய்கிறது

1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் படிக்கும்போது அல்பல்கீயின் நூல் நினைவுக்கு வராமல் இராது. இச்சிகிச்சையை வெண்புள்ளி உடையோருக்குப் பயன்படுத்திய ஆய்வு ஒன்று 1999-ல் பிரிட்டனில் வெளியானது. சிலரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான் அது. வாரம் ஒருமுறையாக எட்டு வாரம் சிகிச்சை பெற்றோர் தம்மைத் தாம் மதிப்பதிலும், தம் உடலைக் குறித்த எண்ணத்திலும், அன்றாட வாழ்விலும் முன்னேற்றம் கண்டனர்.

இதில் மாயமோ மந்திரமோ இல்லை. முதலில் சிகிச்சையாளர் கேட்கிறார். 'எல்லாரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள்', 'இக்கையோடு யாரும் என்னை ஏற்க மாட்டார்கள்' என்ற எண்ணங்கள் எப்போது, எங்கே எழுகின்றன என்பதை எழுதச் சொல்கிறார். அவ்வெண்ணங்களுக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று இருவரும் சேர்ந்து ஆராய்கிறார்கள். பிறகு சிறுசிறு படிகளாக வெளியே வருதல் தொடங்குகிறது. முதல் வாரம் வீட்டாரிடையே முழுக்கையை மடித்து அமர்வது. அடுத்து ஒரு நண்பரோடு தேநீர்க் கடைக்குச் செல்வது. பின்னர் கூட்டத்தில் கை நீட்டுவது. ஒவ்வொரு படியிலும் அஞ்சியது நடந்ததா என்று குறித்துக்கொள்ளவேண்டும். யாராவது உற்றுப் பார்த்தால் என்ன சொல்வது என்பதற்கும் பயிற்சி உண்டு. 'இது வெண்புள்ளி, தொற்றாது' என்ற இரண்டு சொற்றொடர் பல நேரங்களில் போதுமானது. கண்ணாடியில் ஒரே இடத்தை மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கும் பழக்கத்தையும், ஓயாது மறைக்கும் பழக்கத்தையும் மெல்லக் குறைக்கிறார்கள்.

வெண்புள்ளி கண்ணுக்குத் தெரியும் ஒன்று. பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிய குறையைப் பெரிதாக எண்ணித் துன்புறுவோரும் உண்டு. மூக்கு கோணல், நிறம் மட்டு, முடி குறைவு என்று நாள்முழுதும் அதே நினைவில் படிப்பையும் தொழிலையும் விட்டுவிடுவார்கள். இத்தாலிய மருத்துவர் மோர்செல்லி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதை ஒரு நோயாக விவரித்தார். இத்தகையோருக்கு அழகுசாதனப் பசையோ அறுவைச் சிகிச்சையோ பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. மேற்சொன்ன சிகிச்சையும், தேவைப்படின் மனநல மருத்துவர் தரும் மருந்துமே உதவுகின்றன. சிவப்பழகுப் பசைகள் 1975 முதல் நம் வீடுகளுக்குள் வந்து, கறுப்பு ஒரு குறை என்று நம் பெண்மக்களை நம்பவைத்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். இன்று கைப்பேசிப் படங்களை வெளுப்பாக்கும் வசதிகள் அதே பாடத்தை நடத்துகின்றன.

தயக்கம் ஏன்?

மனநல மருத்துவம் என்றதும் நம் மக்கள் பின்வாங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட வழியின்றி மாண்டார்கள். மனநோய் என்றால் சங்கிலி என்ற எண்ணம் அன்றைக்கு உறுதிப்பட்டது. ஆனால் அதன்பின் நடந்ததையும் அறியவேண்டும். அரசு அத்தகைய காப்பகங்களை மூடியது. பின்னாளில் அதே ஏர்வாடியில், துஆவுக்கு வருவோருக்கு மருந்தும் கிடைக்கும் வகையில் அரசு மருத்துவர்கள் சேவை தொடங்கினார்கள். 2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்துள்ளது.

1154-ல் திமிஷ்கில் நூருத்தீன் (ரஹ்) கட்டிய மருத்துவமனையிலும், 1284-ல் கெய்ரோவில் கலாவூன் கட்டிய மருத்துவமனையிலும் மனநோயாளருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மனத்துக்கு மருத்துவம் தேடுவது நமக்கு அந்நியமான வழக்கமன்று. நோய்க்கு மருந்தும் இறக்கப்பட்டுள்ளது, தேடிக்கொள்ளுங்கள் என்ற நபிவழியின் ஒரு பகுதியே அது.

கோவை திருச்சி சாலையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவப் பிரிவும் மனநல மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ளன. தோலுக்குச் சீட்டு வாங்கும் அன்றே மனத்துக்கும் ஆலோசனை கேட்கலாம். வெளியே செல்லத் தயங்குவோர் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுகிறவர் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது குடும்பத்தாரின் கடமை.

ஜமாஅத் நிர்வாகிகளும் உஸ்தாத்மார்களும் செய்யவேண்டியவை சில உண்டு. ஜும்ஆ பயானில் வருடத்துக்கு ஒருமுறையேனும் வெண்புள்ளி தொற்றாது என்பதைச் சொல்லுங்கள். திருமணப் பேச்சில் உண்மையை மறைக்காதீர்கள். உண்மை சொன்னவரை இழிவும் செய்யாதீர்கள். மக்தபில் பட்டப்பெயர் வைக்கும் பிள்ளையை அன்றே திருத்துங்கள். புள்ளியுள்ள பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்பாமல் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

மத்ரஸாக்களில் ஆலு இம்ரான் ஸூராவின் 49-ஆம் வசனம் வரும்போது 'அப்ரஸ்' என்ற சொல்லுக்கு 'வெண்புள்ளி உடையவர்' என்றே பொருள் சொல்லிக்கொடுப்போம். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கலாம். அவர்களுள் ஒரு பிள்ளை அன்று தன் கையை ஜுப்பாவின் கைக்குள் இழுத்துக்கொள்ளாமல் கிதாபின் மேல் வைத்து ஓதினால், அந்த ஒரு சொல்லை மாற்றியதன் பயன் கிடைத்துவிட்டது.

நம் தோற்றத்தை அழகாக்கிய அல்லாஹ் நம் குணத்தையும் அழகாக்கி, நோயுற்றோருக்கு உடல் நலமும் மன அமைதியும் தந்தருள்வானாக. ஆமீன்.